ரெபெக்கா ஷேஃபர்: சட்டத்துக்காக மட்டும் நினைத்தால் போதுமா?

கானாடுகாத்தான்காரன்:
1989 ஜூலை 18, லாஸ் ஏஞ்சலஸ். வீட்டு வாசலிலேயே ஒரு வெறிபிடித்த ரசிகன் சுட்டதில் அமெரிக்க நடிகை ரெபெக்கா ஷேஃபர் செத்துப்போனார், வயது 21. துப்பறியும் ஆளுக்குக் காசு கொடுத்து, வாகனப் பதிவுத் துறையிலிருந்து அவர் முகவரியை வாங்கியிருக்கிறான் அந்த ஆள். அதன்பிறகுதான் 1990இல் கலிஃபோர்னியா, பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதைக் குற்றமாக்கியது; 1994இல் ஓட்டுநர் விவரங்களைக் காக்க மத்தியச் சட்டமும் வந்தது. நூறு படம் நடித்தவர்கள்கூட இப்படி ஒன்றை விட்டுப்போகவில்லை.

செக்காலை ஆச்சி:
அவர் எங்கே தம்பி விட்டுப்போனார், பிடுங்கிக்கொண்டது அல்லவா அது! சின்ன வயதில் யூத மத குருவாக ஆசைப்பட்ட ஆரிகன் பெண், பதினாறு வயதில் மாடலிங்குக்காக நியூயார்க் போய், 'மை சிஸ்டர் சாம்' தொடரில் தங்கையாக நடித்து வீடு வீடாகத் தெரிந்த முகமானவர். ரசிகர் கடிதத்துக்குப் பதில் போடுகிற குணம், கொன்றவனுக்கும் போட்டிருக்கிறார். இறந்த அன்று காட்ஃபாதர் மூன்றாம் பாகத்துக்கான தேர்வுக்குப் போக வேண்டியவர். வாசல் இன்டர்காம் வேலை செய்யாததால் மணி அடித்ததும் தானே இறங்கி வந்தார். இதையெல்லாம் விட்டுவிட்டுச் சட்டப் பிரிவைச் சொல்கிறீர்கள்.

தேவகோட்டை ரஸ்தா:
அந்த ஓட்டுநர் விவரச் சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. உரிமம் உள்ள துப்பறிவாளர், அனுமதித்த காரணத்தைக் காட்டினால் விவரம் வாங்கலாம். நம் செட்டிநாட்டில் அதுகூடத் தேவையில்லை, வீட்டு விலாசமான குடும்ப இனிஷியலைச் சொன்னால் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து வந்து முகப்பு வரை கொண்டுபோய் விடுவார். ஷூட்டிங்குக்கு நடிகை வந்தால் எந்த வீட்டில், எந்த அறையில் என்று தெருவுக்கே தெரியும்.

கானாடுகாத்தான்காரன்:
அண்ணே, வழி சொல்வது நம் பழக்கம், அதைப் போய் இதோடு சேர்க்காதீர்கள். இங்கேயும் 2013இல் பின்தொடர்தலைக் குற்றமாக்கிவிட்டார்கள், முதல் தடவைக்கே மூன்று வருடம் வரை சிறை.

தேவகோட்டை ரஸ்தா:
முதல் தடவை ஜாமீன் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெளியே வருகிறவனுக்கு அந்தப் பெண் வீடு தெரியாதா என்ன? விரட்டி விரட்டிக் காதலிக்கிற ஹீரோவுக்கு விசிலடிக்கிற ஊர் நம்முடையது.

செக்காலை ஆச்சி:
சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தம்பி, நீங்கள் அவர் நடித்த ஒரு காட்சியாவது பார்த்திருக்கிறீர்களா?

கானாடுகாத்தான்காரன்:
இல்லை ஆச்சி. எங்கே கிடைக்கும், லிங்க் இருந்தால் போடுங்கள்.