முனியம்மா பாட்டி குடும்பம், சுங்கை சிப்புட் (வாட்ஸ்அப் குழு)

சாந்தி: நெஞ்சு படபடப்போட ஆஸ்பத்திரியில சேர்த்த நம்ம கவின வார்டுக்கு மாத்திட்டாங்க. பேசுறான். ஞாயிறு காவடிக்குப் பேரு கொடுத்தாச்சே, என்ன செய்ய?

குமார்: வெறும் வயித்துல பந்து விளையாடாதன்னு எத்தன தடவ சொன்னேன்

ரேவதி: மாமா, அதனால வந்ததில்ல இது

ரவி: கெமா (பந்தல்) 2 போதுமா 3 வேணுமா? இன்னிக்கே சொல்லணும்

ரேவதி: தாத்தாவோட டிஜாக்சின் இதய மாத்திரை இன்னும் இருக்காம். படபடப்பு வந்தா ஒண்ணு கொடுக்கலாமான்னு பாட்டி கேக்குறாங்க

டிரஸ்சர் (மருத்துவ உதவியாளர்) மணியம்: கொடுக்கக் கூடாது. பாட்டிகிட்ட உடனே சொல்லு.

டிரஸ்சர் மணியம்: எல்லாரும் முழுசா படிங்க. இதயத்துல மேலறையிலிருந்து கீழறைக்குக் கரண்ட் இறங்க ஒரே வழிதான், ஏவி நோடு. அது கேட் மாதிரி, வேகமா வந்தா தடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் உள்ள விடும். கவினுக்குப் பொறக்கும்போதே பக்கத்துல இன்னொரு பாதை. வூல்ஃப், பார்க்கின்சன், ஒயிட்னு மூணு டாக்டருங்க 1930ல எழுதினதால இந்த நோய்க்கு அவங்க பேரு. இப்ப மேலறை தாறுமாறா நடுங்கியிருக்கு, அதான் ஏஎஃப். நிமிசத்துக்கு 350க்கு மேல கரண்ட் கிளம்பும். மத்தவங்களுக்குக் கேட் காப்பாத்தும். அந்தப் பாதையில கேட் இல்ல. கீழறை 250, 300ன்னு அடிச்சா ரத்தம் நெறயறதுக்கே நேரமில்ல, பிரஷர் இறங்கி மயக்கம். அதுவும் நடுங்க ஆரம்பிச்சா உயிருக்கே ஆபத்து. டிஜாக்சின் கேட்டை அடைக்கும், அந்தப் பாதைய இன்னும் வேகமாத் திறந்து விடும். அதே மாதிரி கேட்டை அடைக்கிற வெராபாமில், டில்டியாசெம், பீட்டா பிளாக்கர், அடினோசின் ஊசி, எதுவும் அந்த நேரத்துல ஆகாது.

குமார்: அப்ப எதுதான் கொடுப்பாங்க

டிரஸ்சர் மணியம்: மயங்கிட்டா ஷாக், துடிப்போட சேர்த்து வைக்கிற மாதிரி செட் பண்ணி. நினைவோட, பிரஷர் நல்லா இருந்தா புரோகைனமைட்ங்கிற மருந்து. சாந்தி, ஈசிஜி ரெண்டையும் படம் எடுத்தியா?

சாந்தி: ஒண்ணுதான் அண்ணே

டிரஸ்சர் மணியம்: அடிக்கும்போது எடுத்தது, அடங்கின பிறகு எடுத்தது, ரெண்டும் வேணும். அடங்கினதுல பிஆர் இடைவெளி (மேலறை அலை தொடங்கி கீழறை அலை தொடங்குற வரைக்கும்) 3 சின்னக் கட்டத்துக்குள்ள, கீழறை அலை ஏறுற இடம் சரிவா இருக்கும், அது டெல்டா. அடிக்கும்போது ரெண்டு துடிப்புக்கு நடுவுல ரொம்பக் குறைஞ்ச தூரத்த எண்ணணும். 6 சின்னக் கட்டமோ அதுக்குக் கீழயோ இருந்தா பாதை ரொம்ப வேகம், தள்ளிப்போடவே கூடாது.

ரவி: இலை 300 சொல்லிட்டேன்

குமார்: காதுகுத்துக்கு 200 சொல்லி பாதிப் பேருக்கு இலையே இல்ல

சாந்தி: அண்ணே அத ஏன் இப்ப இழுக்குறீங்க

ரேவதி: ஆபரேசன்னு சொன்னாங்களே, நெஞ்ச வெட்டுவாங்களா மாமா?

டிரஸ்சர் மணியம்: இல்லம்மா. தொடை இடுக்கு ரத்தக் குழாய் வழியா வயர் விட்டு, பாதை எங்கன்னு தேடி, நுனிய சூடாக்கிச் சுடுவாங்க. அப்லேஷன். 100 பேருல 95 பேருக்குச் சரியாயிடும். பாதை கேட்டுக்குப் பக்கத்துல இருந்தாத்தான் கவனம், கேட் சுட்டுட்டா பேஸ்மேக்கர் வைக்கணும். கோலாலம்பூர் ஐஜேஎன்ல (தேசிய இதய மருத்துவமனை) செய்றாங்க, லெட்டர் கேட்டு வாங்கு. அதுவரைக்கும் காவடி, பந்து, மோட்டார் சைக்கிள் எதுவும் வேணாம். திரும்ப வந்தா படுக்க வச்சு 999.

சாந்தி: வேண்டுதல் அவன் பேருல அண்ணே. அம்மா அழுறாங்க

ரவி: நான் அவனுக்காகப் பால்குடம் எடுக்குறேன் அத்தை

குமார்: அது செல்லுமா, பூசாரியக் கேக்கணும்

சாந்தி: யாரு கேக்குறது

டிரஸ்சர் மணியம்: ரேவதி, மாத்திரைய எடுத்தாச்சா?

ரேவதி: டப்பாவத் தர மாட்டேங்குறாங்க. மேல தாத்தா கையெழுத்து இருக்காம்

டிரஸ்சர் மணியம்: டப்பா அம்மாகிட்டயே இருக்கட்டும். உள்ள இருக்கிறத மட்டும் கிளினிக் மருந்து கவுண்டர்ல கொடுத்திடு.