முலு பினக்கிள்ஸ் ஏற்றம்: சென்று வந்தவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் உள்ள குனோங் முலு தேசியப் பூங்காவுக்கு வரும் ஆகஸ்டில் அண்ணனுடன் செல்லவிருக்கிறேன். மிரி நகரிலிருந்து சிறு விமானத்தில் போவதும், மான் குகையிலிருந்து மாலையில் இலட்சக்கணக்கான வௌவால்கள் வெளியேறுவதைப் பார்ப்பதும் முடிவாகிவிட்டன. ஐயமெல்லாம் பினக்கிள்ஸ் எனப்படும் கூரான சுண்ணாம்புப் பாறைத் தூண்களைக் காண மலையேறுவதைப் பற்றியதே.

மெலினாவ் ஆற்றில் படகில் சென்று, பிறகு ஏறக்குறைய 9 கிலோமீட்டர் காட்டில் நடந்து, ஐந்தாம் முகாமில் தங்கி, மறுநாள் அதிகாலையில் வழிகாட்டியுடன் ஏற வேண்டும். தொலைவு 2.4 கிலோமீட்டர்தான் என்றாலும், அதற்குள் சுமார் 1,200 மீட்டர் உயரம் ஏறுவதும், கடைசிப் பகுதியில் கூரான சுண்ணாம்புப் பாறைகளுக்கிடையே ஏணிகளையும் கயிறுகளையும் பற்றிச் செல்வதும் எளிதல்ல என்பதை அறிவேன். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும் என்று பலரும் சொல்கிறார்கள். அண்ணனுக்கு ஏற்கெனவே மூட்டுவலி உண்டு. அவர் முகாமிலேயே தங்கிவிட, நான் மட்டும் குழுவோடு ஏற முடியுமா? முகாமில் சமைத்துக்கொள்ள அரிசி, பருப்பு எடுத்துச் சென்றால் போதுமா, பாத்திரங்கள் அங்கே கிடைக்குமா? பாறையைப் பிடிக்கத் தோல் கையுறை நல்லதா, துணிக் கையுறையா? அட்டைக்கு உப்பு, புகையிலை தவிர வேறு வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள். முக்கியமாக, மழையால் ஏற்றம் தடைபட்டால் மறுநாள் வாய்ப்புத் தருவார்களா என்பதை அண்மையில் சென்றவர்கள் தெரிவித்தால், திரும்பும் விமானத்தை அதற்கேற்ப முன்பதிவு செய்வேன்.