புதுப்பிப்பு: லித்கோ பாறைக் கோபுரங்களிடையே தடமில்லாத நடை

ஆஸ்திரேலியாவின் லித்கோ நகருக்கு வடக்கே, நியூன்ஸ் பீடபூமியில் நடைபாதை இல்லாத பகுதியில் நடக்கப் போவதாக முன்பு எழுதியிருந்தேன். அங்குள்ள பாறைகள் ஏன் அடுக்கடுக்காக இருக்கின்றன என்று சிலர் கேட்டிருந்தீர்கள். போய் வந்துவிட்டேன், நேரில் பார்த்தால் காரணம் எளிதில் விளங்குகிறது.

மணற்கல்லுக்குள் ஊறிய நீரிலிருந்து இரும்புச்சத்து படிந்து, கெட்டியான தகடுகளாக இறுகியிருக்கிறது. இடையிலுள்ள மென்மணல் மழையிலும் காற்றிலும் கரைய, தகடுகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. தேன்கூட்டைக் கவிழ்த்து வைத்ததுபோல் எத்தனை எத்தனை கூம்புகள்! சில தகடுகள் விரல் பருமன்கூட இல்லை. தயவுசெய்து விளிம்பில் கால் வைக்காதீர்கள். ஒடிந்தால் மறுபடி வளராது. பிளவுகளில் பூக்கும் பகோடா டெய்சி இந்த வட்டாரத்துக்கே உரிய செடி. அதையும் மிதித்துவிட வேண்டாம்.

மனிதக் குரலே இல்லை. லயர் பறவை ஒன்று மற்ற பறவைகளைப் போலெல்லாம் கூவிக்கொண்டிருந்தது.

வழி கேட்டவர்களுக்கு: காகித வரைபடமும் திசைகாட்டியும் கட்டாயம் வேண்டும். குறுகிய பிளவுகளுக்குள் ஜிபிஎஸ்ஸை நம்ப முடியாது. தண்ணீரை நிறையவே சுமந்து செல்லுங்கள். இப்பீடபூமியின் பெரும்பகுதி 2022-இல் பாதுகாப்புப் பகுதியானது. எனக்கு அதில் பெரும் நிம்மதி.