ஜிம் பையைத் திறக்கவே மனசு வரவில்லை

பாளைக்காரன்: அப்பாவுக்கு ஆபரேஷன், வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைச்சல், இதில் நைட் ஷிப்ட் வேறு. தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு எடை தூக்கும் டெட்லிஃப்டில் 100 கிலோ தூக்கியவன், 2 மாதமாக ஜிம் பையின் ஜிப்பைக்கூடத் திறக்கவில்லை, உள்ளே கிடக்கும் துண்டு என்ன கதியில் இருக்கிறதோ. எப்படித் திரும்ப ஆரம்பிப்பது?

கொக்கிரகுளம்: தம்பி, முதலில் துண்டைத் துவையுங்கள். அப்புறம் 60 கிலோவில் தொடங்கி, வாரம் ஒரே நாள் போங்கள். பலத்தை ஏற்றத்தான் நிறைய செட் (விட்டுவிட்டுத் தூக்கும் சுற்று) வேண்டும்; இருப்பதைக் காப்பாற்ற, எடை கனமாக இருந்தால் வாரம் ஒரு நாளே பெரும்பாலும் போதும். பழகிய தசை சீக்கிரம் திரும்பிவிடும்.

டவுன்காரி: நைட் ஷிப்ட் முடிந்த காலையில் மட்டும் வேண்டாம், தூங்காமல் கனம் தூக்கி நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அந்த நாட்களில் மொட்டை மாடியில் 10 தண்டால், சரி, அவ்வளவுதான்.

பாளைக்காரன்: துவைத்தாச்சு அண்ணாச்சி. என்ன நாற்றம்! ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.