ஆக்சலாட்டிலா, டிட்டிகாக்கா தவளையா: எதன் நிலை மோசம்?

கேள்வி:
ஆக்சலாட்டில் சாலமாண்டர் (தண்ணியில வாழுற, பல்லி மாதிரி உடம்புள்ள, தவளைக்குத் தூரத்துச் சொந்தம்) அழியப்போகுதுங்கிறாங்க. ஆனா உலகம் முழுக்க தொட்டியில வளர்க்கிறாங்களே! டிட்டிகாக்கா ஏரித் தவளைக்குத்தானே ஆபத்து அதிகம்?

பதில்:
இல்லைங்க. ஆறு வருஷமா என் மேஜைப் பக்கத்துல ஒரு ஆக்சலாட்டில் இருக்கு. தலையைச் சட்டுனு உதறும். இறகு மாதிரியான செவுள்கள் பின்னால போய் மெல்ல விரியும். பார்த்துக்கிட்டே இருக்கலாம். இந்தத் தொட்டி வம்சம் பெரும்பாலும் 1860-களில் பாரிசுக்குப் போனவற்றோட வாரிசு. காட்டு ஆக்சலாட்டிலுக்கு மெக்சிகோவின் சோச்சிமில்கோ கால்வாய்கள்தான் மிச்சம். அங்க 1998-ல் சதுர கிலோமீட்டருக்கு சுமார் 6,000. 2014-ல் வெறும் 36! கொண்டுவந்து விட்ட கெண்டையும் திலேப்பியாவும் முட்டையையும் குஞ்சையும் தின்னுடுது, கழிவுநீர் வேற.

தவளை பெரு, பொலிவியா எல்லையில, 3,800 மீட்டர் உயரத்துல வாழுது. தொளதொளன்னு தொங்குற தோல் மடிப்பாலதான் பெரும்பாலும் சுவாசிக்கும். ஆக்சிஜன் குறைஞ்சா தண்டால் எடுக்கிற மாதிரி உடம்பை ஏத்தி இறக்கும். 2016-ல் கோவாட்டா ஆற்றுல சுமார் 10,000 செத்து மிதந்துச்சு. அரைச்சுச் சாறாக் குடிக்கவும் இதைப் பிடிக்கிறாங்க, அதை நினைச்சாலே மனசு ஆறலை.

எந்த உயிரினத்துக்கு எவ்வளவு ஆபத்துன்னு சொல்ற சர்வதேச சிவப்புப் பட்டியல்ல தவளை 'அருகிய' நிலை, ஆக்சலாட்டில் அதைவிட ஒரு படி மோசமான 'மிக அருகிய' நிலை.

கேள்வி:
அப்போ தொட்டியில இருக்கிறதைக் கால்வாய்ல விட்டா?

பதில்:
தயவுசெஞ்சு வேண்டாம். நோய் பரவும், தொட்டி வம்சத்துல வேறொரு இனமான புலிச் சாலமாண்டரோட கலப்பும் இருக்கு. சினாம்பாங்கிற, கால்வாய்களுக்கு நடுவுல இருக்கிற தீவு வயல்கள்ல பயிர் செய்யுற விவசாயிகள் கால்வாய் வாயில வடிகட்டி வச்சு கெண்டையைத் தடுக்கிறாங்க, உதவணும்னா அந்த வேலைக்கு உதவுங்க.