அரசியல் செய்தியை யாரிடம் பேசுகிறோம், யாரிடம் பேசாமல் விடுகிறோம்?

கேள்வி: ஜெயநகர் நடையர்

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் பதினோரு ஆண்டுகளாக வசிக்கிறேன். காலையில் லால்பாக்கில் என்னோடு நடப்பவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, ஹாசன் பக்கத்துக் கன்னடர். நடை முடிந்ததும் கெம்பேகௌடா கோபுரம் நிற்கும் பாறையில் பத்து நிமிடம் உட்காருவோம். நான் வாக்களிக்கும் கட்சிக்கு அவர் ஒருநாளும் வாக்களிக்க மாட்டார். பட்ஜெட், தேர்தல், நாடாளுமன்றம் எதுவானாலும், பக்கத்தில் யோகாசனம் செய்பவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உரக்க வாதிடுவோம்.

ஆனால் 2023 செப்டம்பரில், தமிழ்நாட்டுக்கு விநாடிக்கு 5,000 கன அடி வீதம் பதினைந்து நாள் காவிரி நீர் திறக்கச் சொன்ன உத்தரவில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்து, 26ஆம் தேதி நகரில் பந்த் நடந்ததே, அந்த வாரம் முழுவதும் நாங்கள் முழங்கால் வலியைப் பற்றியே பேசினோம். பாறையில் ஈரம் இருந்ததால் அன்றைய நாளிதழை விரித்து அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தோம். தலைப்புச் செய்தி எங்களுக்கு அடியில் இருந்தது.

அதே வாரத்தில், மாதம் ஒருமுறை இரத்த அழுத்த மாத்திரை வாங்கும் கடையில், நெல்லூர்க்காரரான கடைக்காரரிடம் அரை மணி நேரம் காவிரி பேசியிருக்கிறேன். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. கோவையில் இருக்கும் என் தம்பியோ எல்லா விஷயத்திலும் என் கட்சி. அவனிடம் தொலைபேசியில் ஐந்து நிமிடத்துக்கு மேல் அரசியல் பேச முடிவதில்லை. இருவரும் மாறி மாறி ஆமாம் போடுவதற்கு எதற்குத் தொலைபேசி? ஆக, நெருக்கமும் அளவுகோல் இல்லை, கருத்து ஒற்றுமையும் இல்லை. பிறகு எதை வைத்துத்தான் ஆளைத் தேர்கிறோம்? உங்கள் அனுபவத்தை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி: அல்சூர்க்காரர்

“பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே” என்பதை எங்கள் வீட்டில் பழமொழியாக அல்ல, நடைமுறையாகவே வைத்திருந்தார்கள். 1991 ஜூனில் காவிரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. (நூறு கோடி கன அடி ஒரு டி.எம்.சி.) நீர் தரச் சொல்லி இட்ட இடைக்கால ஆணை டிசம்பரில் மத்திய அரசிதழில் வெளியானதும் இந்நகரில் கலவரம் மூண்டது; அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த நாட்களுக்குப் பிறகு, பேப்பர் போடும் பையன், யாரும் சொல்லாமலே, எங்கள் தமிழ் நாளிதழை ஆங்கில நாளிதழுக்குள் மடித்து வைத்துப் போடத் தொடங்கினான். அவன் கன்னடப் பையன். அதைப் பற்றி அப்பா அவனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பொங்கலுக்கு மட்டும் கூடுதலாகப் பத்து ரூபாய் கொடுத்தார்.

கலவரத்தின்போது எங்களை இரண்டு இரவு மல்லேஸ்வரத்தில் தம் வீட்டில் வைத்துக் காத்தவர், அப்பாவோடு ஆலையில் வேலை பார்த்த கன்னட நண்பர். அதன் பிறகும் அவர்கள் இருவரும் காவிரியைப் பற்றிப் பேசியதில்லை. இளவயதில் இதைக் கோழைத்தனம் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. எனினும் உங்கள் லால்பாக் மௌனமும் இதுவும் ஒன்றல்ல. நீங்கள் சங்கடத்துக்கு அஞ்சினீர்கள், அவர்கள் வேறொன்றுக்கு அஞ்சினார்கள்.

மறுமொழி: வாடகை வீட்டுக்காரி

என் விதி எளியது. எனக்கு ஏதாவது முடிவு செய்யக்கூடிய எவரிடமும் அரசியல் பேசுவதில்லை: வீட்டு உரிமையாளர், மேலாளர், பிள்ளையின் வகுப்பாசிரியை. வீட்டு உரிமையாளர் அருமையான மனிதர், எங்கள் கருத்துகளும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஆனால் பத்து மாத வாடகை முன்பணமாக அவரிடம் இருக்கிறது.

மறுமொழி: கருத்துக்கணிப்பில் இருந்தவன்

சில ஆண்டுகள் கள ஆய்வில் வேலை பார்த்தவன் என்பதால் ஒன்றைச் சொல்கிறேன். ஜெர்மானிய ஆய்வாளர் எலிசபெத் நோயெல்-நோய்மன் இதை அளக்க ஒரு வழி வைத்திருந்தார். ஐந்து மணி நேர ரயில் பயணம். உங்கள் பெட்டியில் ஒருவர் ஒரு சர்ச்சையைப் பற்றிப் பேச்செடுக்கிறார். நீங்கள் அவரோடு பேசுவீர்களா, மாட்டீர்களா என்று கேட்பார். (சதாப்தியில் சென்னை போகும் நேரம் ஏறத்தாழ அதுதான்.) ஊரில் தம் கருத்து சிறுபான்மையாகிறது என்று உணர்பவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள், அதனால் அக்கருத்து இன்னும் சிறியதாகத் தோன்றும் என்பது 1974இல் அவர் முன்வைத்த கோட்பாடு. அமெரிக்காவில் டயானா மட்ஸ் கண்டது இன்னொன்று: மாற்றுக் கருத்துடையவர்களோடு பழகுபவர்கள் எதிர்த்தரப்பின் நியாயத்தை நன்கு அறிந்திருக்கிறார்கள், ஆனால் அரசியலில் இறங்கிச் செயல்படுவது குறைகிறது.

இவை எதுவும் உங்கள் பாறைக்கு முழுமையாகப் பொருந்தவில்லை என்பதே என் எண்ணம். உங்களுக்குள் கட்சி வேறுபாடு தடையாகவே இல்லை. கட்சி என்பது நீங்கள் எடுத்த நிலைப்பாடு; தோற்றால் கேலி செய்துவிட்டுப் போகலாம். காவிரியில் நீங்கள் எந்தப் பக்கம் என்பது பிறப்பிலேயே முடிவாகிவிட்டதாக இருவரும் கருதுகிறீர்கள். மருந்துக் கடைக்காரருக்கு இதில் பக்கமே கிடையாது. அதனால் அவரிடம் வாய் திறந்தது.

மறுமொழி: தஞ்சாவூரான், ஒயிட்ஃபீல்டு

பக்கம் உள்ளவரோடும் பேசலாம், எதில் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. என் அலுவலகத்தில் மண்டியாக்காரர் ஒருவர் இருக்கிறார். ஒரு ஜூன் மாதம் கேன்டீனில் நான் கைபேசியில் குடகு மழை நிலவரம் பார்த்துக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்து, “உங்களுக்குக் குடகில் யார்?” என்று கேட்டார். மேட்டூர் நிரம்பக் குடகில் பெய்ய வேண்டுமே என்றேன். அவர் தம் கைபேசியைத் திருப்பிக் காட்டினார். அவரும் அதே பக்கத்தைத்தான் திறந்து வைத்திருந்தார். அவர் அப்பாவுக்கு விஸ்வேஸ்வரய்யா கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் கரும்பு. அன்றிலிருந்து அவர் தம் பக்கத்துக் கே.ஆர்.எஸ். அணையின் முழு மட்டமான 124.80 அடிக்கு எவ்வளவு குறைகிறது என்று சொல்வார், நான் மேட்டூரின் 120 அடிக்கு எவ்வளவு என்று சொல்வேன்.

சண்டையும் உண்டு. உச்ச நீதிமன்றத்தின் 2018 காவிரித் தீர்ப்பில் தமிழ்நாட்டின் பங்கு 419இலிருந்து 404.25 டி.எம்.சி. ஆனது. குறைத்ததில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கு என்று எடுத்துக்காட்டி, “ஊரில் இழந்ததை இங்கே குடித்துக்கொண்டிருக்கிறீர்கள்” என்றார். எங்கள் குடியிருப்புக்கு அப்போது காவிரிக் குழாயே வந்திருக்கவில்லை, டேங்கர் லாரிதான் என்று சொன்னதும் இருவரும் சிரித்துவிட்டோம். தொலைக்காட்சி விவாதத்தைக் கேட்டுவிட்டு வரும் நாளில் மட்டும் நாங்கள் அணையைப் பற்றிப் பேசுவதில்லை.

மறுமொழி: ஜெயநகர் நடையர்

எல்லோருக்கும் நன்றி. ரயில் சோதனையில் எனக்கு ஒரு குறை தெரிகிறது: சக பயணி சென்ட்ரலில் இறங்கிப் போய்விடுவார், என் நண்பரை நாளைக் காலை ஆறு மணிக்கு மறுபடி பார்க்க வேண்டும். தஞ்சாவூர் நண்பரின் வழியை மழைக்காலத்தில் முயன்று பார்க்கிறேன். அல்சூர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும்: உங்கள் அப்பாவும் அந்த நண்பரும் கடைசிவரை அதைப் பேசவே இல்லையா?

மறுமொழி: அல்சூர்க்காரர்

இல்லை. ஆனால் கன்னட அமைப்புகளின் எதிர்ப்பால் பதினெட்டு ஆண்டு மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலையை 2009 ஆகஸ்டில் எங்கள் ஏரிக்கரையில் திறந்தபோது, அவர் மல்லேஸ்வரத்திலிருந்து பேருந்து பிடித்து வந்து, அப்பாவை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். திரும்பி வந்ததும் நண்பர் என்ன சொன்னார் என்று அப்பாவிடம் கேட்டேன். கூட்டத்தில் செருப்பு அறுந்துவிட்டதாம், வழியெல்லாம் அதைப் பற்றித்தான் பேசினார் என்றார் அப்பா.