ஐ.ஆர். முதலா, பிஎச்டி முதலா?

செந்தூல்காரர்:
அண்ணன்மார்களே, கோலாலம்பூர் கன்சல்டன்ட் ஆபீசில் இரண்டு வருடமாக ஸ்ட்ரக்சுரல் டிசைன் செய்கிறேன். லெக்சரராகிப் பேராசிரியர் வரை போக ஆசை. இப்போதே பிஎச்டி சேரலாமா, ஐ.ஆர். (தொழில்முறைப் பொறியாளர் பட்டம்) வாங்கிய பிறகா? 12 கான்கிரீட் பீம் சோதிக்கிற தலைப்பு கிடைக்கும்போல. மூன்று வருடத்தில் முடியுமா?

ஈப்போ ரோடு:
மூன்றாவது வருடத்தையும் இப்போதைய ஆபீசிலேயே முடிச்சிடுங்க தம்பி. பொறியியலாளர் வாரியத்தில் கிராஜுவேட் இன்ஜினியராகப் பதிந்து, குறைந்தது மூன்று வருட அனுபவம் இருந்தால்தான் ஐ.ஆர். பரீட்சைக்குப் போகலாம். லாக்புக்கில் (அனுபவக் குறிப்பேடு) டிசைனோடு சைட் வேலையும் சேரட்டும். லேபுக்குள் போனபின் சைட் கிடைப்பது கடினம். பட்டப்படிப்பைச் சோதிக்க அங்கீகாரக் குழு வரும்போது ஐ.ஆர். உள்ள ஆசிரியர்களைத் துறை தேடும். பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரை, ஆய்வு நிதி, பட்டம் பெறவைத்த மாணவர்கள், இம்மூன்றும் வேண்டும். அரசு பல்கலைக்கழகம் என்றால் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவப் பொதுத்தேர்வு) மலாய் மொழி கிரெடிட்டை மறக்காதீங்க.

நிபோங் திபால்:
மூன்று வருடத்தில் முடியும், கான்கிரீட் வார்ப்பைச் சரியாகத் திட்டமிட்டால். 150×250 மி.மீ., 2 மீட்டர் பீம் ஒன்று 0.075 கன மீட்டர், ஏறக்குறைய 190 கிலோ. கிரேன் இல்லாமல் நகராது. சின்ன மிக்சரில் தவணை தவணையாகக் கலக்கினால் பீமுக்குப் பீம் வலிமை மாறி, ஒப்பீடே கெட்டுவிடும். 12 அச்சும் தயாராக வைத்து ரெடிமிக்ஸை (ஆலையிலேயே கலந்து வரும் கான்கிரீட்) ஒரே லாரியில் வரவழைத்து ஊற்றுங்கள். கியூப்பையும் (வலிமை சோதிக்கும் கான்கிரீட் கனசதுரம்) வீணாகும் கலவையையும் சேர்த்து 1.2 கன மீட்டர். ஆனால் 12 பீமையும் ஒரே நாளில் உடைக்க முடியாது, கான்கிரீட் வயது கூடிக்கொண்டே போகும். அதனால் 28 நாள் கியூப் போதாது, ஒவ்வொரு சோதனை நாளிலும் மூன்று கியூப் உடைக்கணும். அந்தக் கியூப்களைத் தண்ணீர்த் தொட்டியில் போடாமல் பீம் பக்கத்திலேயே, அதே ஈரச்சாக்குக்கு அடியில் வையுங்கள். தொட்டிக் கியூப் பீமைவிட வலுவாகக் காட்டும்.

கம்பி எவ்வளவு நீள்கிறது என்று அளக்க ஒட்டும் ஸ்ட்ரெயின் கேஜ்தான் அதிகம் சாகும். கம்பியின் மேல் புடைத்திருக்கும் வரிகளை ஒட்டுமிடத்தில் மட்டும் அரத்தால் ராவுங்கள். அதிகம் ராவினால் குறுக்குவெட்டு குறையும். அசிட்டோனில் துடைத்து, ஒட்டி, நீர்புகாப் பூச்சு போட்டு, ஒயரைக் கம்பியோடு கட்டுங்கள், வைப்ரேட்டர் இழுத்துவிடும். கேஜின் மின்தடை 120 ஓம் காட்டுகிறதா என்று வார்ப்புக்கு முன்னும் பின்னும் பாருங்கள். ஓர் இடத்துக்கு இரண்டு கேஜ்.

செந்தூல்காரர்:
நன்றி அண்ணே. லோடிங்கில் எதைக் கவனிக்கணும்?

நிபோங் திபால்:
பீமின் ஒரு முனைத் தாங்கி ரோலர் (நகரவிடும்), மறுமுனைத் தாங்கி பின் (pin, சுழல மட்டும் விடும்). இரண்டும் பூட்டிக்கொண்டால் பீம் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறி, தாங்குசுமை பொய்யாகக் கூடும். சுமை-வளைவு வரைபடத்தில் உச்சச் சுமைக்குப் பிறகான இறங்கு கோடு வேண்டுமென்றால் டிஸ்ப்ளேஸ்மென்ட் கன்ட்ரோலில் (சுமையை அல்ல, ஜாக் நகரும் தூரத்தைக் கட்டுப்படுத்தி) ஓட்டுங்கள். லோட் கன்ட்ரோலில் பீம் சட்டென்று உடைந்து அந்தக் கோடு கிடைக்காது. உங்கள் லேப் ஜாக்கில் டிஸ்ப்ளேஸ்மென்ட் கன்ட்ரோல் உண்டா என்று தலைப்பை ஒப்புக்கொள்வதற்கு முன்பே டெக்னீஷியனிடம் கேளுங்கள்.